மாப்பிள்ளை வீட்டு வண்டி

ஒரு ஊர்ல ஒரு சௌந்தரவல்லி இருந்தாளாம். பாலிடெக்னிக்ல பசங்களுக்கு இன்ஜின் பிரிச்சு மாட்டச் சொல்லித் தர்ற டீச்சர். ம் கொட்டிக்கிட்டே கேளுடா. ஆங்.

ஒரு ஞாயித்துக்கிழமை தியாகேசன்னு ஒரு மாப்பிள்ளை அவளைப் பொண்ணு பார்க்க வந்தாரு. தாத்தா காலத்துக் காரு, பளபளன்னு. கூட அவங்க அம்மா, தாய்மாமா, அக்கா வீட்டுக்காரர். நாலு பேருமா ரெண்டு தட்டு கேசரியைக் காலி பண்ணாங்க. அப்புறம் அந்தம்மா பொண்ணு கையைப் பார்த்துச்சு.

"நகக்கண்ணுல என்ன கருப்பா?"

"கிரீஸுங்க."

"எங்க குடும்பத்துக்கு இதெல்லாம் ஒத்து வராதும்மா"ன்னு எழுந்துடுச்சு. கேசரி மட்டும் நல்லா ஒத்து வந்துச்சு!

வேணாம்னு சொல்லிட்டுப் போறது இதோட நாலாவது இடம். சௌந்தரவல்லிக்குக் கண்ணு சுர்ருன்னுச்சு. உள்ள அவ அம்மா முந்தானையால வாயைப் பொத்திட்டு அழுவுறா.

அப்போ வாசல்ல, டுர்ர்ர்... டுர்ர்ர்... டுர்ர்ர்... வண்டி கிளம்பல! மணி நாலேகால். நாலரைக்கு ராகு காலம்.

அப்புறம் மூணு மேதைங்க வேலையில இறங்கினாங்க. தாய்மாமா, "பேட்டரி செத்துடுச்சு"ன்னு அதை லொட்டு லொட்டுன்னு தட்டினாரு. சாவியைத் திருப்பினா, செத்துப்போன பேட்டரி டுர்ர்ர்னு ஜோரா சுத்துது. அக்கா வீட்டுக்காரர், "பெட்ரோல் வரல"ன்னு டியூபைக் கழட்டி ஃபூ ஃபூன்னு ஊதி மாட்டினாரு. தெருவே பெட்ரோல் நாத்தம். அப்போ மாப்பிள்ளை, "தள்ளுங்க"ன்னு சொல்லிட்டு ஸ்டியரிங்ல உக்காந்துகிட்டாரு. தள்ளினது யாரு? பட்டுப்புடவையோட அந்தம்மாவும்தான்! தெருமுனை வரைக்கும் தள்ளி, திரும்ப வாசலுக்கே தள்ளிட்டு வந்தாங்க. நல்ல நடைப்பயிற்சி.

சௌந்தரவல்லி கதவைச் சாத்தியிருக்கலாம். நானா இருந்தா தாழ்ப்பாளும் போட்டிருப்பேன். ஆனா ஒரு இன்ஜின் முக்குறதைக் கேட்டுட்டு அவளால சும்மா உக்கார முடியல. ம்?

"நல்லா சுத்துது, அப்போ பேட்டரி இல்ல. பெட்ரோல் வாசனை தூக்குது, அப்போ அதுவும் இல்ல. பெட்ரோலைப் பத்த வைக்கிற பொறிதான் வரல"ன்னு சொல்லி, பொறியைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடியைத் திறந்தா. உள்ள பொறி கிளம்புற ரெண்டு குட்டி முனையும் கரி புடிச்சுக் கிடந்துச்சு. உப்புத்தாளால சரக் சரக்குன்னு தேய்ச்சா.

"இப்போ திருப்புங்க."

டுர்ர்... ட்ரூம்ம்ம்ம்!

அந்தம்மா முகம் பூவா மலர்ந்துடுச்சு. "மகாலட்சுமி மாதிரிப் பொண்ணு! ஆவணியிலயே வச்சுக்கலாமா?"

வாசப்படியில பொண்ணோட அம்மா மூச்சைப் புடிச்சுட்டு நிக்கிறா. சௌந்தரவல்லி, மாப்பிள்ளை ஏதாவது சொல்வாரான்னு பார்த்தா. ஒரு மன்னிப்பு, ஒரு நன்றி, அட, ஒரு தும்மல்? அவர் பாட்டுக்குப் பெட்ரோல் முள்ளைப் பார்த்துட்டு இருந்தாரு.

டம்முனு பானெட்டைச் சாத்தினா. "வழியில எங்கயும் நிறுத்தாதீங்க. நேரா உங்க வீட்டுக்கே போயிடுங்க."

அம்மாவுக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துடுச்சு.

வண்டி ஊர் போய்ச் சேர்ந்தாச்சு, கதையும் ஆச்சு. கண்ணை மூடு.