துண்டுக்குள்ள மூணாவது கை

தேனு, போர்வையை இழுத்துக்கோ. நீ "ம்" கொட்டினா கதை நடக்கும். நிறுத்தினா கதையும் அங்கேயே நின்னுடும், சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மாட்டுச் சந்தை. ஊரு பேரு காரைமேடு. செவ்வாக்கிழமை விடிஞ்சா போதும், ஆத்தைத் தாண்டி மாடுங்க வரும், கல் கல் கல்னு மணி ஆட்டிக்கிட்டு. அந்தச் சந்தையில ஒரு வழக்கம். விலையை யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. விக்கிறவன் கையும் வாங்குறவன் கையும் ஒரு துண்டுக்குள்ள போகும். ஒரு விரலைப் பிடிச்சா ஒரு பணம், முழுக் கையைப் பிடிச்சா அஞ்சு பணம். பிடிக்கலையா, கையை உருவிக்கிட்டு அடுத்த ஆள்கிட்ட போயிடலாம். என்ன விலைன்னு பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது.

"ம்."

அந்த ஊர்ல செவந்தின்னு ஒருத்தி. அவகிட்ட ரெண்டு உழவு மாடு இருந்துச்சு. ஒண்ணு பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சு. மயிலைன்னு ஒத்த மாடு மட்டும் மிச்சம். ஒத்த மாட்டை வச்சு ஏர் பூட்ட முடியுமா? மழைக்கு இன்னும் மூணு வாரம்தான். அதுக்குள்ள சோடி சேக்கலைன்னா விதைப்பு இல்ல, அந்த வருசம் அடுப்பும் எரியாது.

அவ சந்தைக்குப் போனா. விதைப்புக் காலமாச்சே, எல்லாருக்கும் மாடு வேணும். எந்தத் துண்டுக்குள்ள கைய விட்டாலும் மூணு கை, அதாவது பதினஞ்சு பணம். அவகிட்ட இருந்ததோ பன்னெண்டு. வேலி ஓரமா உக்காந்து அழுதா. அப்போ டக்கு டக்குன்னு குதிரையில ராசா வந்தாரு. இளவயசு ராசா, இரக்கமுள்ளவரு. விசயத்தைக் கேட்டாரு. அன்னிக்கே டம் டம் டம்னு தண்டோரா. இனிமே துண்டு கிடையாது, எந்த மாடா இருந்தாலும் பத்தே பணம்.

செவந்திக்குச் சந்தோசம் தாங்கல. அடுத்த செவ்வாய் முதல் ஆளா ஓடினா. போய்ப் பாத்தா, அப்படியே நின்னுட்டா. மணிச்சத்தமே இல்ல. இவ்ளோ பெரிய சந்தையில ஒம்போதே மாடு. ஒண்ணு நொண்டி, ஒண்ணு லொக்கு லொக்குன்னு இருமுது, ஒண்ணுக்குப் பல்லே இல்ல. நல்ல மாட்டை எவன் பத்துக்குக் குடுப்பான்? எல்லாரும் கொட்டாயில மறைச்சுக் கட்டிட்டாங்க.

"அய்யோ. அப்புறம்?"

அப்புறம் ராசாவுக்குக் கோவம். மறைச்ச மாட்டையெல்லாம் பிடிச்சுட்டு வந்து வித்துடுங்கன்னு மணியக்காரரை அனுப்பினாரு. மணியக்காரர் ஒரு கணக்குப் போட்டாரு. சோடி மாடு உழவுக்கு, அதை விட்டுடலாம். ஒத்தையா நிக்கிற மாடு உழாது, அதனால அதுதான் ஒளிச்சு வச்ச மாடு. தடதடன்னு ஆளுங்க வந்து செவந்தி வீட்டு மயிலையை அவுத்துட்டுப் போயிட்டாங்க. அவ கையில பத்துப் பணத்தை வச்சாங்க. அவளுக்கு அழுகைகூட வரல. காலி முளைக்குச்சியைப் பாத்துக்கிட்டே நின்னா.

நேரா அரண்மனைக்குப் போனா.

"எனக்காகப் போட்ட உத்தரவு எம்மாட்டையே கொண்டு போயிடுச்சு, ஐயா."

ராசா மணியக்காரரைக் கூப்பிட்டாரு. மயிலையை யாரு வாங்கினான்னு கேட்டாரு. பேரை யாரும் கேட்டு வைக்கல. அவரு தலையில கை வச்சுக்கிட்டு, இனிமே நான் சந்தைப் பக்கமே வர மாட்டேன், எப்படியோ வித்துக்கட்டும்னு சொல்லிட்டாரு. உத்தரவெல்லாம் ரத்து. மாடுங்க ஆத்தைத் தாண்டுற துறையில எப்பவும் நிக்கிற காவல்காரங்களையும் வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

"ம்."

மூணாவது செவ்வாய். துண்டு திரும்பி வந்துடுச்சு, மணிச்சத்தமும் வந்துடுச்சு. ஆனா மாடெல்லாம் ஒரே ஆளோட மாடு. தரகர் தாண்டவன். காவல் இல்லாத துறையில தடியோட தன் ஆளுங்களை நிறுத்திட்டான். எங்கிட்ட வித்துட்டுப் போ, இல்லாட்டி வந்த வழியே போன்னு எல்லாரையும் மடக்கிட்டான். அந்த வரிசையில மயிலையும் நின்னுச்சு. செவந்தியைப் பாத்ததும் "ம்மா"ன்னுச்சு.

அவ தாண்டவன் துண்டுக்குள்ள கைய விட்டா. ஒரு கை, ரெண்டு கை... அமுக்கிக்கிட்டே போறான். ஆறு கை. முப்பது பணம். அவ மாட்டுக்கே.

வானத்துல மேகம் கூடிடுச்சு. செவந்தி மறுபடியும் அரண்மனைக்கு ஓடினா. ராசாவோட தலைப்பாகையைக் கழட்டி ஒரு பழைய முண்டாசைக் கட்டிவிட்டு, என் தம்பின்னு சொல்லிச் சந்தைக்கு இழுத்துட்டு வந்தா. கைய உள்ள விடுங்கன்னா.

விட்டாரு. ஆறு கை அமுக்கினான் தாண்டவன். ராசா கைய உருவப் பாத்தாரு. அவன் விடல, சிரிச்சான்.

"உருவிட்டு எங்க போவ மாப்ள? துறையில நிக்கிறதும் நம்ம ஆளுங்கதான்."

பொறந்ததுல இருந்து ராசா கைய யாரும் பிடிச்சு வச்சதில்ல. அப்போ செவந்தி மெதுவாச் சொன்னா.

"துண்டுக்குள்ள ரெண்டு கைதான் ஐயா. மூணாவதா உங்க கைக்கு அங்க எடமில்ல. ஆனா பிடிக்கலைன்னா உருவிட்டுப் போக எங்களுக்கு வழி வேணும். அந்த வழியில நில்லுங்க."

ராசா முண்டாசை அவுத்தாரு. ஆளு யாருன்னு தெரிஞ்சதும் தாண்டவன் தலை போயிடும்னு நினைச்சான். ராசா ஒண்ணும் பண்ணல. இந்த மாட்டைத் தொலைச்சது என் உத்தரவு, அதுக்கு நான்தான் குடுக்கணும்னு தன் மடியில இருந்து முப்பது பணத்தை எடுத்து வச்சு மயிலையை மீட்டுக் குடுத்தாரு. அப்புறம் ஆத்துத் துறைக்கு நடந்தே போனாரு. தடிக்காரங்க பறந்துட்டாங்க. காவல் திரும்பி வந்துச்சு. யார் மாடு வந்தாலும் வரட்டும், விலையை மட்டும் கேக்காதீங்கன்னு காவல்காரங்ககிட்டச் சொன்னாரு.

உச்சிப் பொழுதுக்குள்ள, கல் கல் கல் கல். ஆத்தையே அடைச்சுக்கிட்டு மாடு. செவந்தி ஒரு பெரியவர் துண்டுக்குள்ள கைய விட்டா. அவரு கொஞ்சம் அமுக்கினாரு, இவ கொஞ்சம் அமுக்கினா. துண்டை எடுத்தாங்க. ரெண்டு பேர் முகத்துலயும் சிரிப்பு. மயிலைக்குச் சோடி கிடைச்சாச்சு. வீட்டுக்கு வர்ற வழியிலேயே சடசடன்னு மழை.

"என்ன விலைக்கு வாங்கினா?"

துண்டுக்குள்ள பேசினது எனக்கு எப்படித் தெரியும்?

"ம்..."

மாடு ரெண்டும் கொட்டாயிக்குப் போயாச்சு, கதையும் கூடவே போயாச்சு. என் விரலை விடு தேனு, தூங்கு.