உங்கப்பாகிட்ட சொல்லு

மலையடிவாரத்தில் இருந்த சின்ன மடம் ஒன்றுக்கு மங்கையம்மாள் குரு. வந்து போகிற சீடர்கள் எல்லாரும் குடும்பஸ்தர்கள். பாதிப் பேர் குருவைவிட வயதில் மூத்தவர்கள். அதற்காகக் குரு யாரையும் விட்டுவைத்ததில்லை.

சிவனணைந்தான் அவர்களில் ஒருவன். மின்கம்பம் ஏறுகிற வேலை. கொட்டுகிற மழையில் கம்பத்து உச்சியில் நின்று கம்பியை முறுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இறங்கிவந்து டீ குடிப்பான். அப்படிப்பட்டவன் அன்று காலை, ஆறு வயது மகள் உமையாளைக் கையில் பிடித்துக்கொண்டு மடத்துக்கு வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது.

“பயமா இருக்கும்மா,” என்றான்.

“என்னத்துக்கு?”

“நாளைக்கு எங்க கல்யாண நாள்.”

“கல்யாணத்தன்னைக்குப் பயந்திருந்தா அது நியாயம். இப்ப என்ன?”

அவன் மனைவி செண்பகவல்லியின் ஏற்பாடு அது. பிள்ளைகள் இரண்டையும் சாயங்காலம் தன் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, புருஷனும் பொண்டாட்டியும் மட்டும் டவுனுக்குப் போய் நல்ல ஓட்டலில் சாப்பிட்டு வர வேண்டும். உமையாள் பிறந்த பிறகு அவர்கள் அப்படிப் போனதே இல்லை.

“சின்னவன் இப்பத்தான் தவழுதான். கையில கிடைக்கதெல்லாம் வாயில போடுதான். இவளுக்குப் போன வருஷம் காய்ச்சல்ல ஜன்னி வந்துச்சு. நாங்க அங்க உக்காந்து சாப்பிடுத நேரத்துல இங்க ஏதாவது ஆகிப்போச்சுன்னா? நினைச்சாலே கை காலெல்லாம் நடுங்குது.”

“அந்தத் தங்கச்சிக்குப் பிள்ள வளக்கத் தெரியாதா?”

“மூணு பிள்ள பெத்தவ.”

“அப்ப?”

“அப்பவும் பயமா இருக்கும்மா. நாளைக்கு வேண்டாம்னு நீங்க செண்பகத்துகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். நீங்க சொன்னா கேப்பா.”

குரு அவனையே பார்த்தார். “இந்த ஏற்பாட்ட அவுக உங்ககிட்ட எப்படிச் சொன்னாக?”

அவன் வாய் திறப்பதற்குள் உமையாள் முந்திக்கொண்டாள்.

“நான்தான் சொன்னேன். அம்மா என்கிட்ட சொன்னாக, நான் அப்பாகிட்ட சொன்னேன். எங்க வீட்டுல எல்லாம் நான்தான் சொல்லுவேன்.”

அந்த வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. உமையாளுக்குப் பேச்சு வந்த புதிதில், அந்த மழலையைக் கேட்கிற ஆசையில், ‘உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு’ என்று செண்பகவல்லி அனுப்புவாள். ‘உங்கம்மாகிட்ட என் சட்டை எங்கன்னு கேளு’ என்று அவன் திருப்பி அனுப்புவான். எல்லா வீட்டிலும் நடக்கிற விளையாட்டுத்தான். மழலை போய்விட்டது. விளையாட்டு நிற்கவில்லை.

உமையாள் குருவிடம் கேட்டாள். “நாளைக்கு நான் சித்தி வீட்டுல இருப்பேன்ல. அப்ப இவுகளுக்கு யாரு சொல்லுவா?”

சிவனணைந்தான் சட்டென்று வேறு பக்கம் பார்த்தான்.

குரு குழந்தையைப் பக்கத்தில் அழைத்தார். “உங்கப்பாவ உக்காரச் சொல்லு.”

“அப்பா, நீ உக்காரணுமாம்.”

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

“மோர் வேணுமான்னு கேளு.”

“வேண்டாம்மா,” என்றான் குருவைப் பார்த்து. குரு குழந்தையைப் பார்த்தார்.

“வேண்டாமாம்,” என்றாள் உமையாள்.

“அம்மா, செண்பகத்துகிட்ட சொல்லுவீகளா?”

“பூக்கொடிக்குத் தண்ணி விடணும். உங்கப்பாகிட்ட சொல்லு.”

தண்ணீர் விட்டான். வந்து மறுபடியும் கேட்டான். முற்றத்தைப் பெருக்கச் சொல்லி உமையாள் ஓடிவந்து சொன்னாள். பெருக்கினான். குரு ஒரு தடவைகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. எதில் தப்பு செய்தோம் என்று யோசித்தான். ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் தன்னிடம் பேசிய குரல் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கேட்டது. அது அவனுக்கு இல்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

“நான் ஏதும் தப்பு பண்ணிட்டனாம்மா? எதுவானாலும் என்கிட்டயே சொல்லிருங்க.”

குரு குழந்தையைத் தேடினார். நடந்துவந்த களைப்பும் சேதி சுமந்த களைப்பும் சேர்ந்து, உமையாள் பாயில் சுருண்டு தூங்கிவிட்டிருந்தாள்.

குரு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

நடுவில் யாரும் இல்லை. பிள்ளை மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. சிவனணைந்தானுக்குப் பயமாக இருந்தது. இந்தப் பயம் அவனுக்குப் பழக்கமான பயம்தான். வீட்டில் பிள்ளைகள் இரண்டும் தூங்கிய பிறகு செண்பகவல்லி ஏதோ சொல்ல வருகிற மாதிரி அவன் பக்கம் திரும்புவாள். அவன் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துவிடுவான்.

“அம்மா,” என்றான். “பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாது. அது எனக்கே தெரியும்.”

குரு காத்திருந்தார்.

“நாளைக்கு ஓட்டல்ல அவ எனக்கு எதிர்ல உக்காந்திருப்பா. என்ன பேசன்னு எனக்குத் தெரியல. அவளுக்கும் பேச ஒண்ணும் இல்லேன்னா? பிள்ளைகள எடுத்துட்டா எங்களுக்குள்ள எதுவுமே மிச்சம் இல்லேன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சுன்னா? அப்புறம் அந்த வீட்டுல எப்படி இருக்கது?”

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நேத்து செண்பகவல்லி வந்திருந்தாக,” என்றார் குரு. இப்போது அவனிடமே நேராகப் பேசினார்.

அவன் திடுக்கிட்டான்.

“இதே இடத்துலதான் உக்காந்தாக. உங்ககிட்ட சொல்லச் சொல்லி என்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போனாக.”

“என்னம்மா சொன்னா?”

குரு எழுந்து பிள்ளைக்குப் போர்த்திவிட்டார்.

“கெட்ட சேதியாம்மா?”

அவன் எழுந்து, தூங்குகிற மகளைத் தூக்கக் குனிந்தான்.

“பிள்ள இங்கயே தூங்கட்டும்,” என்றார் குரு. “சின்னவனுக்கு இன்னும் பேச்சு வரலல்லா?”

“வரலம்மா.”

“அப்ப உமையா முழிக்கதுக்குள்ள போய் அவுககிட்டயே கேட்டுருங்க.”