மாசானத்தின் இரண்டு தாடைகள்

ஒரு மருத்துவமனை மேசையில் ஒருநாள் இரண்டு தாடைகள் சந்தித்துக்கொண்டன. இரண்டும் ஒரே ஆளுக்காக முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அடுக்கடுக்காக அச்சிட்டு எடுத்தவை. ஒன்று டைட்டானியம். இன்னொன்று வெறும் பிளாஸ்டிக்.

அந்த ஆள் மாசானம், பேருந்து நடத்துநர். அவருடைய கீழ்த்தாடையின் இடப்பக்கத்தை ஒரு கட்டி அரித்துவிட்டது. கெட்ட எலும்பை எடுத்துவிட்டு, டைட்டானியத் தாடையை மிச்சமிருக்கும் வலப்பக்க எலும்போடு திருகிப் பொருத்தப் போகிறார்கள். அந்தப் பெருமையில் அதற்குத் தலைகால் புரியவில்லை.

"நீ எதற்கு வந்தாய்?" என்று பிளாஸ்டிக்கைக் கேட்டது.

"நான் மாசானத்தின் தாடைக்கு நகல். டாக்டர் முதலில் என்மேல் செய்து பார்ப்பாராம்."

"உடம்புக்குள் போக மாட்டாயா?"

"மாட்டேன்."

"ஜவுளிக்கடைப் பொம்மை என்று சொல்லேன். அது என்ன, வலப்பக்கம் சிவப்பாக ஒரு கோடு? வெற்றிலை போட்டாயா?"

"உதட்டுக்குப் போகும் நரம்பின் பாதை. தெரிவதற்காகச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்" என்றது பிளாஸ்டிக். அதற்குக் கோபமே வராது போலிருக்கிறது.

அப்போது டாக்டர் பெனிட்டாவும் மாசானமும் உள்ளே வந்தார்கள்.

"டாக்டரம்மா, கஞ்சியக் குடிச்சுகூட காலத்த ஓட்டிருவேன். விசில் ஊத முடியுமா, அத மட்டும் சொல்லுங்க."

"இடது உதடு மரத்துத்தான் போகும் அண்ணாச்சி. அந்த நரம்பு கட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு. வலதக் காப்பாத்திட்டா விசிலு உதட்டுல நிக்கும்."

"அதும் போயிட்டுன்னா?"

டாக்டர் டிரில்லைக் கையில் எடுத்தார். மாசானம் பயந்துபோய்த்தான் வெளியே போனார்.

டாக்டர் டைட்டானியத்தைப் பிளாஸ்டிக்கின் மேல் பொருத்தி, துளை துளையாகத் திருகு போட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாக அமைந்தது. கடைசித் துளையில் டிரில்லை விட்டு வெளியே எடுத்தபோது, அதன் நுனியில் சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது.

"ஐயையோ!" என்றார். "இது அண்ணாச்சியா இருந்திருந்தா..."

மற்றத் திருகுகளே தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அந்தத் துளையைக் காலியாகவே விட முடிவு செய்தார்.

டைட்டானியம் பொங்கியது. "ஒரு பொம்மையின் பேச்சைக் கேட்டு எனக்கு ஒரு திருகு குறைவா? பொத்தான் அறுந்த சட்டையோடு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி அல்லவா இருக்கிறது!"

"ஓட்டை விழுந்தது எனக்கு. மூக்கைச் சிந்துவது நீயா?" என்று சிரித்தது பிளாஸ்டிக்.

அறுவை சிகிச்சை முடிந்தது. டைட்டானியம் உயிருள்ள எலும்போடு இறுகி உட்கார்ந்தது. காலியான துளைக்கு நேர் கீழே மெல்லிதாக ஏதோ துடித்தது.

"யார் அது?"

"நரம்பு. இந்த இடத்தில் திருகு இறங்கும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஏன் இறங்கவில்லை?"

டைட்டானியத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எனக்கு முன்னால் ஒருவன் அதை வாங்கிக்கொண்டான்" என்றது.

உடம்பு தேறி மாசானம் வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் விசில் கொஞ்சம் காற்றடித்தது. பிறகு பழகிவிட்டது. பிளாஸ்டிக் தாடையை டாக்டர் அவருக்கே கொடுத்திருந்தார். அது இப்போது அவர் வீட்டு டிவிக்கு மேல் இருக்கிறது. யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார்.

"இதாம்ல என் தாடை. இந்த ஓட்டையப் பாத்தியா? இத இது வாங்கலன்னா என் விசிலு அன்னைக்கே போயிருக்கும். தங்கம்ல, தங்கம்!"

உள்ளே இருந்த டைட்டானியத் தாடையை யாரும் பார்க்கவில்லை. அந்தப் புகழ்ச்சியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அதுதான் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒரு சொல்லையும் விழுங்காமல் ஏறி இறங்கியது.