ஒன்பதாம் தேதித் தாள்

கோவில்பட்டிக்கு வெளியே, ரயில்வே கேட்டைத் தாண்டி, தகரக் கூரை போட்ட சின்ன மடம் ஒன்று இருந்தது. அங்கிருந்த சாமிக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் வந்துபோகும் செண்பகவல்லிக்கு முப்பத்தொன்பது. வயதைப் பார்த்துக் குருவைத் தேடுகிறவளாக இருந்தால் அவள் வேறு இடத்துக்குத்தான் போயிருக்க வேண்டும்.

இரண்டு வருஷமாக வருகிறாள். எட்டரைக்கு மகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டால் பத்து மணிக்கு மருந்துக்கடை வேலை. இடையில் கிடைக்கிற நேரத்தில்தான் அவளுக்கு ஞானம். கண்ணை மூடி உட்காரச் சொல்லிக்கொடுத்திருந்தார் சாமி. ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள். சாமி எழுப்ப மாட்டார். இந்த மடத்தில் அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்று மற்ற சீடர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்கள் யாரும் காலை நாலரைக்கு எழுந்து பழக்கப்பட்டவர்கள் இல்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி அவள் வந்தபோது, ரோட்டோரத் தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமி பானைகளை நிரப்பிக்கொண்டிருந்தார். அவள் கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள்ளிருந்து ஒரு தினசரிக் காலண்டரை எடுத்துத் தரையில் வைத்தாள். அதன் மேல் தாளில் ஏப்ரல் இருபத்தாறு என்று இருந்தது. பக்கத்தில், தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் கட்டிய ஒரு கற்றைத் தாளையும் வைத்தாள்.

"சாமி, எம் பிள்ளைய பதினாறு நாளைக்கு இங்க வச்சுக்கிடுங்க."

சாமி குடத்தைச் சாய்த்தபடியே கேட்டார்.

"எதுக்குத் தாயி?"

"பள்ளிக்கூடம் லீவு விட இன்னும் பதினாறு நாள் இருக்கு. அதுவரைக்கும் அவ எங்கிட்ட இருக்க வேண்டாம்."

"இன்னிக்கும் சேத்தா பதினாறு?"

"இன்னிக்கு முடிஞ்சிட்டு சாமி."

மணி எட்டே முக்கால்கூட ஆகவில்லை. சாமி ஒருமுறை வெயிலைப் பார்த்துவிட்டு அடுத்த பானைக்குப் போனார்.

நடந்ததை அவள் சொன்னாள். கோர்வையாகச் சொல்லவில்லை. சொன்னதை நான் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

புருஷனுக்கு மஸ்கட்டில் வேலை. வீட்டில் அவளும் மூன்றாம் வகுப்பு படிக்கிற கவிநயாவும் மட்டும். ஜூன் மாதம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவள் ஒருத்தி, ஏப்ரலில் அனுப்புகிறவள் வேறொருத்தி. ஜூனில் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, சாக்ஸை இஸ்திரி போட்டு அனுப்பினாள். ஏப்ரலில் டை ஊக்கில் தொங்கியது, தண்ணீர் பாட்டிலுக்கு மூடி இல்லை, ஒரு காலில் பள்ளிக்கூட சாக்ஸ், மறுகாலில் அதே நிறத்தில் வேறு ஏதோ ஒன்று. பள்ளிக்கூடம் மட்டும் களைத்துப்போகவே இல்லை. டைரியில் கையெழுத்து வேண்டும், தெர்மாகோலில் எரிமலை வேண்டும், ஆண்டு விழாவுக்கு மயில் உடுப்பு வேண்டும், ரிவிஷன் தாள் முப்பது வேண்டும். கழுத்தில் டை கட்டாத பிள்ளைக்கு இந்த வெயிலில் அறிவு ஏறாது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

பிள்ளை எது கேட்டாலும் செண்பகவல்லிக்கு ஒரே பதில்தான். லீவு விடட்டும். கதை சொல்லு என்றால், லீவு விடட்டும். பக்கத்தில் படுத்துக்கோ என்றால், லீவு விடட்டும். ஏம்மா கத்துறே என்று கேட்டதற்கும், லீவு விடட்டும், அம்மா கத்தவே மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அதை அவள் நம்பித்தான் சொன்னாள்.

அன்று காலை எட்டேகால் மணி. அடுப்பில் தோசை. டிபன் பாக்ஸைத் தேடிக் கூடத்துக்கு ஓடியவள் சுவரைப் பார்த்தாள். காலண்டரில் இருபத்தாறாம் தேதி இருந்தது.

"ஒரு நொடி நம்பிட்டேன் சாமி. உடம்பெல்லாம் லேசாப் போச்சு. அப்படியே தரையில உக்காந்துரலாம்னு இருந்துச்சு. அப்புறந்தான் பாத்தேன், இவ நாற்காலிய இழுத்துப் போட்டு ஏறி நின்னுக்கிட்டு இருக்கா. கையில பூராத் தாளு."

சாமி குடத்தைக் கீழே வைத்தார்.

"அடிச்சியா?"

"கையில தோசைக்கரண்டி இருந்துச்சு."

 தன்னுடைய முழங்கையைத் தொட்டு, அங்கிருந்து கீழே ஒரு விரல் நீளத்துக்குக் காட்டினாள். கரண்டி அப்போதுதான் கல்லிலிருந்து எடுத்தது.

"பிள்ளை என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல சாமி. அழக்கூட இல்ல. அவளாப் போயி ஷூ மாட்டிக்கிட்டா."

வேன் வந்தது. பள்ளிக்கூடச் சட்டைக்கு அரைக் கைதான், மறைக்க வழியில்லை. பையை வாங்கி வைத்த டிரைவர், கையில என்ன பாப்பா என்று கேட்டார். எண்ணெய் தெறிச்சிட்டு அங்கிள் என்றாள் கவிநயா. அம்மா பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நான் சொல்லிக்குடுக்கல சாமி. அவளா சொன்னா. எட்டு வயசு."

 கேட்டருகே ஒரு சரக்கு ரயில் வந்து, முழுக்கப் போய் முடிந்தது. செண்பகவல்லி அழுதாள். அழுதபடியே, சுவரில் சாய்ந்த வாக்கில் அப்படியே தூங்கிப்போனாள். வேறு யாராவது பார்த்திருந்தால், செய்வதையும் செய்துவிட்டுத் தூக்கம் எப்படித்தான் வருகிறதோ என்று கேட்டிருப்பார்கள். மனசு நொறுங்கினாலும் உடம்பு தன் கணக்குக்குத் தூங்கத்தான் செய்யும். சாமி பானைகளுக்குச் சத்தம் வராமல் மூடி போட்டார். பந்தலுக்குத் தண்ணீர் குடிக்க வந்த லாரிக்காரரிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

அரை மணி கழித்து அவள் திடுக்கிட்டு எழுந்தாள். முதலில் கேட்டது மணி என்ன என்றுதான். பிறகு, வச்சுக்கிடுவீங்களா சாமி என்று கேட்டாள். காலையில் சாப்பாடு போட்டு வேனில் ஏற்றிவிட்டால் போதும், சாயங்காலம் இங்கேயே இறக்கிவிடச் சொல்கிறேன், லீவு விட்டதும் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றாள். தன்னிடம் இருந்தால் இன்னொரு தடவை நடக்கும் என்றும் சொன்னாள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

"இடம் இருக்கு. பாயும் இருக்கு" என்றார் சாமி.

உள்ளே போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சோற்றுப் பசை கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"முதல்ல இதை ஒட்டு தாயி."

"எதை?"

"பிள்ளை கிழிச்சதை. இருந்தபடி ஒட்டு."

வேறொரு நாளாக இருந்தால் கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போயிருப்பாள். அன்று எழவில்லை. ரப்பர் பேண்டை உருவினாள். தாள்கள் கசங்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை குலையாமல் இருந்தன. பிள்ளை ஒவ்வொன்றாக, ஓரம் பிசிறாமல் கிழித்திருந்தாள். நோட்டில் அந்த அளவுக்குச் சுத்தம் இல்லை என்று போன வாரம்தான் திட்டு வாங்கியிருந்தாள்.

இருபத்தைந்தை ஒட்டினாள். இருபத்துநாலு. இருபத்துமூன்று. மேல் ஓரத்தில் விரலால் பசை தடவி, அழுத்திப் பிடித்து, காயும்வரை ஊதினாள். பத்தொன்பதை ஒட்டும்போது கை நின்றது.

"சாமி, நான் பொய் சொல்லிட்டேன். அவ பேசினா."

சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"நாற்காலியில இருந்து இறங்கி வந்தா. தாளையெல்லாம் எங்கிட்ட நீட்டினா. 'உனக்கு லீவு விட்டுட்டேம்மா'ன்னு சொன்னா."

"அப்புறம்?"

"அப்புறந்தான் அடிச்சேன்."

 சாமி பசைச் சிரட்டையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அவள் பதினெட்டை எடுத்தாள். பதினேழு. பதினாறு. கண்ணீர் விழுந்து பதினாலாம் தேதி ஊறிப்போனது, அதையும் துடைத்து ஒட்டினாள். கடைசியாகப் பத்தை ஒட்டிக் காலண்டரை நிமிர்த்திப் பிடித்தாள். தாள்கள் மேடும் பள்ளமுமாக உப்பி நின்றன.

"ஒட்டிட்டேன் சாமி."

"இன்னிக்கு என்ன தேதி?"

"ஒம்பது."

"மேல பத்து இருக்கு."

அவள் தரையைப் பார்த்தாள். பையை உதறிப் பார்த்தாள். தாள் எதுவும் மிச்சம் இல்லை.

"ஒம்பதாம் தேதிய அவ எங்க வச்சா?" என்று கேட்டார் சாமி.

"அது அவ கிழிக்கல" என்றாள் செண்பகவல்லி. குரல் இறங்கிவிட்டது. "அது நான் கிழிச்சது."

"எப்ப?"

"நாலரைக்கு. எந்திரிச்ச உடனே."

ஊரில் எல்லாரும் விடிந்ததும் நேற்றையத் தாளைக் கிழிப்பார்கள். அவள் விடியுமுன்பே அன்றையத் தாளைக் கிழித்துவிடுவாள். அந்த நாள் முடிந்துபோனது என்று வைத்துக்கொண்டால்தான் பாயிலிருந்து எழுந்திருக்கவே முடிகிறது என்றாள். சுவரில் எப்போதும் நாளைதான் தொங்கும். கிழித்த தாளால் தோசைக்கல்லைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிடுவாள். பிள்ளைக்கு அது பழகிவிட்டது. கரும்பலகையில் தேதி எழுதச் சொன்ன டீச்சரிடம், எங்க வீட்டுக் காலண்டர்ல ஒண்ணு கழிச்சுக்கணும் மிஸ் என்று சொன்னாளாம். டீச்சர் அதைப் பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். செண்பகவல்லியும் கூடச் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஜூன்ல இருந்து."

சொன்ன பிறகு அவளே கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். மகள் கிழித்த பதினாறு தாளும் மடியில் இருந்தன. அவள் கிழித்ததில் ஒன்றைக்கூட இனி எங்கே போய்த் தேடுவது. உள்ளங்கையில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலண்டரைப் பைக்குள் வைத்தாள்.

"நான் கடைக்குப் போயிட்டு வந்துடுறேன் சாமி. ராத்திரிக்கு அவ துணிமணியெல்லாம் எடுத்துட்டு வந்து விட்டுடுறேன்."

"சரி தாயி."

அவள் பந்தலைத் தாண்டித் தன் வண்டியருகே போய்விட்டாள். அப்போதுதான் சாமி கேட்டார்.

"பிள்ளை கைக்கு மருந்து போட்டியா?"

அவள் திரும்பினாள்.

"வேன் வந்துட்டு சாமி. நேரமில்ல."

"நீ மருந்துக்கடையிலதான வேலை பாக்கிறே?"

வெயிலில் கூரைத் தகரம் படபடத்தது. பிள்ளை அப்போது வகுப்பில் இருப்பாள். இரண்டாவது பீரியட் தொடங்கியிருக்கும், அந்தக் கையால்தான் எழுதியாக வேண்டும். கேட்கிறவர்களுக்கெல்லாம் எண்ணெய் தெறித்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"நாலரைக்கு வேன் வந்துரும்" என்றாள் செண்பகவல்லி. "சாயங்காலம் வந்ததும் போட்டுவிடுறேன் சாமி."

சாமி அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். காலண்டரின் மேல் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அதுல இன்னிக்கே இல்லையே தாயி" என்றார். "எந்தச் சாயங்காலம்?"