ஓய்வு நாளில் ஆடிய பாறை

ஒலிவ மரங்கள் அடர்ந்த ஒரு மலைக்காட்டில், யூத நெறிப்படி நடக்கும் விலங்குகள் வாழ்ந்து வந்தன. ஏழாம் நாளான சப்பாத் அவற்றுக்கு ஓய்வு நாள். அன்று மண்ணைத் தோண்டமாட்டா. ஒரு சுள்ளிகூடப் பொறுக்கமாட்டா.

அவற்றுக்கு நெறிமுறை சொல்லும் ரப்பி, ஆஸா என்ற முள்ளம்பன்றி. அவருக்குப் படிப்பு அதிகம், பொறுமை கொஞ்சம்.

ஒருநாள் ஓர் ஓநாய், தீர்சா என்ற மலையாட்டின் குட்டியைக் கொன்றுவிட்டு ஆற்றைக் கடந்து ஓடிப்போனது. தீர்சா மூன்று நாள் புல்லில் வாய் வைக்கவில்லை.

அவளுடைய அண்ணன் எகூத் முன்கோபி. பள்ளத்தாக்குக் குகை ஒன்றில் வேறோர் ஓநாய் தன் குட்டிகளோடு வாழ்ந்தது. குகைக்கு நேர் மேலே இருந்த பெரிய பாறையை எகூத் முட்டி முட்டி, விளிம்புவரை நகர்த்திவிட்டான்.

"ரப்பி, ஆசி கொடுங்கள். கடவுள் பெயரால் பழிவாங்கப் போகிறேன்" என்றான்.

"கொன்ற ஓநாய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது?"

"எல்லாம் ஓநாய்தானே!"

ஆஸாவின் முட்கள் சிலிர்த்தன. "நேற்றும் சொன்னேன், முந்தாநாளும் சொன்னேன். எத்தனை தடவைதான் சொல்வது! அந்தக் குட்டிகள் உனக்கு என்ன செய்தன? படைத்தவர் பெயரைச் சொல்லி அவர் படைத்ததையே நசுக்குவாயா? ஆசியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பாறையைப் பின்னுக்குத் தள்ளு!"

"பொழுது சாய்ந்தால் சப்பாத். இனி நான் எதையும் தள்ளக்கூடாது" என்று பக்தியோடு சொல்லிவிட்டு எகூத் போய்விட்டான்.

மறுநாள் பகலில் பெருமழை கொட்டியது. மண் கரைந்து பாறை ஆடத் தொடங்கியது. கீழே குட்டிகள் அலறின. தாய் ஓநாய் இரை தேடப் போயிருந்தது.

ஆஸா ஓடிவந்து, மண்ணைத் தோண்டிக் கற்களை எடுத்துப் பாறைக்கு முட்டுக் கொடுத்தார்.

"ரப்பி! சப்பாத்தில் மண் தோண்டுகிறீர்களே, பாவம் இல்லையா?" என்று சத்தம் கேட்டு வந்த எகூத் பதறினான்.

"அட மூடனே! உயிரைக் காக்கச் சப்பாத்தையே மீறலாம் என்கிறது நம் வேதம். குற்றமில்லாத உயிரை எடுக்க வாரத்தில் ஒரு நாளையும் அது ஒதுக்கித் தரவில்லை. வந்து பிடி!"

"தீர்சாவுக்காகத்தானே நான்..."

"எனக்காகவா?" தீர்சாவே மழையில் நனைந்தபடி வந்து நின்றாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டாயா, அண்ணா? பிள்ளை போன வலி எனக்குத் தெரியும். அதை இன்னொரு தாய்க்குக் கொடுக்க என் பிள்ளையின் பெயரை எடுக்காதே!"

அவள் கீழ்ப்பக்கம் இறங்கி, தன் நெற்றியைப் பாறைமேல் வைத்து அழுத்தினாள். சேற்றில் அவள் குளம்புகள் வழுக்கின. எகூத்தால் அதற்குமேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பாய்ந்து வந்து தோள் கொடுத்தான். ஆஸா மேலும் கற்களைச் செருகினார். பாறை ஒருவழியாக நின்றது.

தாய் ஓநாய் திரும்பி வந்தது. மேலே ஒருமுறை பார்த்தது. குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

"பார்த்தீர்களா ரப்பி, ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை!" என்றான் எகூத்.

ஆஸா தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பாறையை அங்கே கொண்டுபோய் வைத்ததே நீதானடா!"

நீதி: குற்றமற்ற உயிரைக் கொல்லக் கடவுளைத் துணைக்கு அழைப்பவன், அந்தக் கடவுளையே இழிவுபடுத்துகிறான்.