இஞ்ஞாசி வீட்டுப் புல்தரை

கொடைக்கானலில் இஞ்ஞாசி என்று ஒருவர். மகளின் கல்யாண விருந்தைத் தன் வீட்டுப் புல்தரையிலேயே வைப்பதென்று முடிவு செய்திருந்தார். அதற்குள் ஒரு மாதம் சென்னையில் தங்கவேண்டி வந்தது. பக்கத்து வீட்டுச் சவரிமுத்துவிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்: “தினமும் சாயங்காலம் தண்ணி விடணும், சவரி. ஒரு நாளும் தவறக் கூடாது.”

சவரிமுத்து தவறவில்லை. மூடுபனி இறங்கிய மாலைகளிலும் ரப்பர் குழாயும் கையுமாக நின்றார். சில நாளில் புல்லில் தட்டுத் தட்டாகப் பழுப்பு வட்டங்கள் தோன்றின. போனில் சொன்னதற்கு இஞ்ஞாசி, “காயுது பாரு. இன்னும் கூடுதலா விடு. யூரியாவும் போடு” என்றார். சவரிமுத்து அதையும் செய்தார். வட்டங்கள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

சவரிமுத்துவின் மனைவி ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. விடிகாலையில் போய்க் குனிந்து பார்த்தாள். வட்டத்தின் விளிம்பில், பனித்துளிகளுக்கு நடுவே, சிலந்தி வலைபோல் வெள்ளை இழைகள். புல்லைப் பிடித்து இழுத்தால் அடி அழுகிக் கையோடு வந்தது. மண்ணோ சொதசொதவென்று ஈரம்.

“இது காயலைங்க, அழுகுது. பூஞ்சை. ராத்திரி முழுக்கப் புல்லு நனைஞ்சே கிடக்கு. தண்ணியை நிறுத்துங்க.”

“குடுத்த வாக்கு?”

“வாக்கு குடுத்தது நீங்க. நான் இல்லை.”

குழாயைப் பிடுங்கிக்கொண்டாள். யூரியாவை நிறுத்தினாள். பூஞ்சைக்கொல்லி வாங்கித் தெளித்தாள். மண் காய்ந்தால் மட்டும் காலையில் தண்ணீர் விட்டாள். “தண்ணி விடுறியா?” என்று இஞ்ஞாசி போனில் கேட்கும்போதெல்லாம் சவரிமுத்து போனை மனைவியிடம் நீட்டிவிடுவார். “புல்லு நல்லாருக்குண்ணே” என்பாள் அவள்.

இஞ்ஞாசி திரும்பியபோது தரை பெரும்பாலும் பச்சை. “பாத்தியா சவரி! தண்ணி விட்டா எது காயும்?” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பொழுது சாய்ந்ததும் தானே குழாயைத் திறந்தும் விட்டார். விருந்துக்கு இன்னும் ஒரு வாரம். சவரிமுத்து வேறெங்கோ பார்த்தார். ஸ்டெல்லா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சொன்னதை அப்படியே செய்தவர் சவரிமுத்து. வேண்டியதைச் செய்து, செய்ததைச் சொல்லாதவள் ஸ்டெல்லா. கேட்டவர்களே, இதில் யார் செய்தது சரி?

விடை: வைத்தியம் ஸ்டெல்லாவுடையதே சரி. இஞ்ஞாசிக்கு வேண்டியிருந்தது பச்சைப் புல். மாலைத் தண்ணீர் அதற்கு அவர் நினைத்த வழி, அவ்வளவே. சவரிமுத்து வழியைப் பிடித்துக்கொண்டு புல்லை விட்டுவிட்டார். ஆனால் போனில் மழுப்பியது ஸ்டெல்லாவின் பிழை. காரணம் தெரியாத மனிதர் மறுபடி குழாயைத் திறக்காமல் வேறென்ன செய்வார்? அன்றைக்கே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இஞ்ஞாசி ஒரு வார்த்தையும் நம்பவில்லை. ஸ்டெல்லா குழாயின் திருகுபிடியையே கழற்றி எடுத்துக்கொண்டாள்; பச்சைப் புல்லில் விருந்து முடிகிறவரை அது அவள் இடுப்பில்தான் இருந்தது.