மேட்டுக்காட்டில் என்ன இருக்கிறது?

முக்கால் ஏக்கர் நிலத்தைப் பற்றி நீங்கள் ஒரு முடிவு சொல்ல வேண்டும். வேலித் தகராறு இல்லை, பாகப் பிரிவினையும் இல்லை. அந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி.

பென்னாகரம் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்கு, சிறு விவசாயிகளின் பிழைப்பையும் நிலப் பயன்பாட்டையும் கணக்கெடுக்க மேகலா என்ற பெண் வந்தாள். கோடை உச்சத்தில் இருந்தது. அவள் கணக்கெடுக்கும் முறை இது: வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரும், மற்றவர்கள் பக்கத்தில் இல்லாதபோது, தங்கள் நிலத்தைத் தரையில் கோலமாவால் வரைய வேண்டும். ராகி விளையும் இடத்தில் ஒரு ராகிக் கதிர், மரம் இருந்தால் இலை, தரிசு என்றால் கல். படங்கள் ஒத்துப்போகாவிட்டால், எல்லோரையும் உட்காரவைத்து ஒரே படமாகப் போடச் சொல்ல வேண்டும்.

மாதையன் வீட்டில் மூன்று பேர்: அவர், மனைவி காவேரியம்மாள், மருமகள் கோகிலா. மகன் முனிராஜ் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலைக்கு வடக்கே போனவன். வெள்ளம் ஓடிய ஆற்றில் வண்டி கவிழ்ந்தது. கூட இருந்தவர்களின் உடல்கள் கிடைத்தன. அவனுடையது கிடைக்கவில்லை.

போவதற்கு முன்னால் அவன் வீட்டுக்கு மேலே இருந்த அந்த முக்கால் ஏக்கர் மேட்டுக்காட்டில் மாங்கன்றுகள் நட்டிருந்தான். ஒரு வருஷம் கழித்து, தங்கையை அழைத்துப்போய் வேறு வாழ்க்கை அமைத்துக் கொடுக்கலாம் என்று கோகிலாவின் அண்ணன் வந்தான். காவேரியம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் வெச்ச கன்னு வேர் பிடிக்கிற வரைக்கும் இரு கண்ணு. அப்புறம் உன் இஷ்டம்."

கோகிலா சரி என்றாள். அண்ணன் தனியாகத் திரும்பினான்.

மேகலா முதலில் பேசியது காவேரியம்மாளிடம். அவள் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள், இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். இரண்டும் தளும்பின. மூச்சு வாங்கவில்லை.

"கோழி எத்தனைம்மா?" என்று கேட்டாள் மேகலா.

"அதுங்ககிட்டயே கேளு. பகலெல்லாம் அடுத்த வீட்டுல மேயுது, முட்டை மட்டும் எங்க போடுதுன்னு எனக்கே தெரியல" என்றாள் காவேரியம்மாள்.

பிறகு உட்கார்ந்து நிலத்தை வரைந்தாள். மேட்டுக்காட்டில் ஒரு மாவிலையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். மகன் போனதிலிருந்து அவள் அங்கே கால் வைத்ததில்லை.

மாதையன் தன் படத்தில் அதே இடத்தில் கல்லை வைத்தார். "போன கோடையிலயே எல்லாம் பட்டுப்போச்சும்மா. நீ கேட்ட, சொல்லிட்டேன். வீட்டுக்குள்ள சொல்ல வாய் வரல. கன்னு போச்சுன்னா பையன் போயிட்டான்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

கோகிலா படம் வரைவதற்கு முன்னால், மாலையில், மேகலாவை மேலே கூட்டிப்போனாள். வாசலில் தயாராக இருந்த குடத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டாள். பாதி வழியில் மேகலா வாங்கிப் பார்த்தாள்.

"பாதிதான் இருக்குது?"

"அத்தைதான் ரொப்பி வெப்பாங்க. முன்னெல்லாம் தளும்பத் தளும்ப இருக்கும், மேடு ஏறுறதுக்குள்ள பாவாடையெல்லாம் நனைஞ்சுடும். போன கோடையில இருந்து பாதிதான். கை வலி போல."

மேலே, குழிக்குக் குழி காய்ந்த குச்சிகள் நின்றன. குழிகளைச் சுற்றி மண் கொத்திவிடப்பட்டு ஈரமாக இருந்தது. கோகிலா குனிந்து ஒவ்வொரு குச்சிக்கும் தண்ணீர் ஊற்றினாள்.

"இதுக்கு எதுக்கு ஊத்தறீங்க?"

"வாசல்ல இருந்து பாத்தா ஆள் ஏறுறது தெரியும், செடி தெரியாது. நான் ஏறலைன்னா அத்தைக்குத் தெரிஞ்சுடும். வேர் பிடிக்கிற வரைக்கும் இருக்கேன்னு நானும் சொல்லிட்டேன்." அவள் ஒரு குச்சியைத் தொட்டாள். அது கையோடு வந்தது. மறுபடியும் அதே இடத்தில் நட்டுவைத்தாள். "வெள்ளிக்கிழமை அண்ணன் திரும்ப வருது. இதுதான் கடைசித் தடவையாம்."

கீழே வந்ததும் கோகிலா தன் படத்தில் மாவிலையை வைத்தாள்.

படங்கள் ஒத்துப்போகவில்லை. மறுநாள் காலை மூவரும் வாசலில் உட்கார்ந்தார்கள். யார் என்ன வைத்தார்கள் என்று மேகலா சொல்லவில்லை. புதிதாக எல்லைக்கோடு போட்டு, இலையையும் கல்லையும் நடுவில் வைத்தாள். காவேரியம்மாள் இலையைப் பார்த்தாள், எடுக்கவில்லை. மாதையன் கல்லின் மேல் கையை வைத்தார்.

"கோகிலா சொல்லட்டும். தினம் மேல போறவ அவதான்" என்றார்.

இலையை வைத்தால், இனி எத்தனை கோடை அவள் குடம் சுமக்க வேண்டுமோ தெரியாது. கல்லை வைத்தால், வெள்ளிக்கிழமை அண்ணனோடு பஸ் ஏறலாம். ஆனால் அதை ஒரு தாயின் கண்ணெதிரே வைக்க வேண்டும்.

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில், மேட்டுக்காட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர் யார்? கோகிலாவை அந்த வாக்கிலிருந்து விடுவிக்க வேண்டியவர் யார்?

விடை: தெரியாதவர் யாருமில்லை. தொட்டிக்கு இரண்டு குடம் தளும்பத் தளும்பத் தூக்குகிறவளுக்குக் கை வலி கிடையாது. கன்றுகள் உயிரோடு இருப்பதாக நம்புகிறவள் இந்த வெயிலில் தண்ணீரைக் குறைக்கவும் மாட்டாள். மேலே ஏறிப் பார்க்காமலே, அவை பட்டுப்போன கோடையிலேயே காவேரியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. மகனை விட்டவளுக்கு மருமகளையும் விட மனம் வரவில்லை. அதனால் சுமையை மட்டும் பாதியாக்கினாள். வாக்கை வாங்கியவள்தான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்று கோகிலா இலையைத்தான் வைத்தாள். மாதையன் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மாலையில் வாசலில் குடம் கவிழ்ந்து கிடந்தது. "தண்ணி வெக்கலயா அத்தை?" என்று கேட்டாள் கோகிலா. காவேரியம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே, "குடம் ஓட்டை விழுந்துடுச்சு கண்ணு. இனி ஏற வேணாம்" என்றாள். கோகிலா குடத்தை நிமிர்த்தி, உள்ளே கைவிட்டு, அடிவரை தடவிப் பார்த்தாள். ஓட்டை எங்கும் இல்லை.